நூற்பாலை அனலும் சத்து மாத்திரையும்

அய்யனார் கோவில் மலையடிவாரத்தை அடுத்த ராஜபாளையத்தில், 1936இல் ராஜபாளையம் மில்ஸ் நிறுவப்பட்ட காலந்தொட்டு, நூற்பாலைகள் பல குடும்பங்களுக்குச் சோறிட்டு வருகின்றன. நூல் அறுந்துபோகாதிருக்க ஆலைக்குள் காற்றின் ஈரப்பதம் உயர்த்தியே வைக்கப்படுகிறது; அந்தக் காற்றில் வியர்வை எளிதில் உலராது என்பதால், மாதவிடாய் நிற்கும் பருவத்தில் முகத்திலும் கழுத்திலும் திடீரென ஏறும் அனல், இயந்திரத்தின் முன் நிற்கும் பெண்ணுக்கு இரட்டைத் துன்பமாகிறது. இந்தியப் பெண்களுக்குப் பெரும்பாலும் நாற்பதுகளின் பிற்பகுதியில் வரும் இந்த நிலையில், சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் குறைகிறது. உடல் வெப்பத்தை ஒழுங்குபடுத்தும் ஹைப்போதலாமஸ் என்ற மூளைப்பகுதி அதனால் நிலைகுலைந்து, சிறு வெப்ப உயர்வுக்கும் பெருக வியர்க்கச் செய்கிறது.

மருந்துக்கடையில் வாங்கும் வைட்டமின் மாத்திரை இந்த அனலைத் தணிக்கும் என்ற நம்பிக்கைக்கு ஆய்வுச் சான்று மிகக் குறைவு. மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்களிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 1998இல் வெளியான ஆய்வில், நாள்தோறும் 800 யூனிட் வைட்டமின் ஈ உட்கொண்டும் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரே ஓர் அனல்வீச்சுதான் குறைந்தது. சோயாவிலுள்ள ஐசோஃபிளேவோன் என்னும் தாவரச் சேர்மத்தைப் பற்றிய முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. வட அமெரிக்க மாதவிடாய் நிறைவுச் சங்கம் 2023இல் வெளியிட்ட அறிக்கையும் அனல்வீச்சுக்குத் துணைச்சத்துகளைப் பரிந்துரைக்கவில்லை. தென்மாவட்டங்களில் நல்லெண்ணெயும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டும் உளுந்தங்களி அருமையான உணவு. ஆயினும் ஹார்மோனுக்கு அது ஈடாகாது.

எலும்பின் கதை வேறு. ஈஸ்ட்ரோஜன் குறைந்த முதற்சில ஆண்டுகளிலேயே எலும்பு வேகமாகத் தேய்வதால், மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டுமென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்தது. நூறு கிராம் கேழ்வரகு அதில் ஏறக்குறைய 360 மில்லிகிராமையும், கால் லிட்டர் பால் சுமார் 300 மில்லிகிராமையும் தருகின்றன. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் பாலின் திரட்சிதான் என்றாலும், அதிலுள்ள சர்க்கரை மிகுதியை மறக்கலாகாது. உணவில் எட்டாத அளவை மட்டும் மாத்திரையால் நிரப்புவதே முறை. அமெரிக்காவில் 36,282 பெண்கள் பங்கேற்று 2006இல் வெளியான ஆய்வில், கால்சியமும் வைட்டமின் டியும் சேர்த்து உட்கொண்டோருக்கு இடுப்பெலும்பின் அடர்த்தி சற்றே கூடியது, கூடவே சிறுநீரகக் கற்களும் 17 விழுக்காடு கூடின.

வெயில்படாமல் ஷிப்டுகளில் உழைப்போருக்கு வைட்டமின் டி குறைய வாய்ப்புண்டு. அதற்கென வாரம் ஒன்றாக எழுதித் தரப்படும் 60,000 யூனிட் மாத்திரையை, மருத்துவர் குறித்த காலம் முடிந்த பின்னும் தாமாகவே வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது இரத்தத்தில் கால்சியத்தை அபாய அளவுக்கு ஏற்றக்கூடும். கால்சியத்தை இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் இரும்பு உடலில் சேர்வது குறையும். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேர இடைவெளி தேவை. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் நெடுங்காலம் உட்கொள்வோரின் கால் மரத்துப்போவதும் களைப்பும் பி12 குறைவால் வந்தவையாக இருக்கலாம் என்பதால், எல்லாவற்றையும் வயதின் மேல் சுமத்தாமல் இரத்தப் பரிசோதனை செய்வது அவசியம். அன்றாட வேலையைக் குலைக்கும் அளவுக்கு அனல் இருந்தால், ஹார்மோன் சிகிச்சையும் ஹார்மோன் அல்லாத மருந்துகளும் உள்ளன. அவற்றைக் கேட்டுப் பெற எந்தப் பெண்ணும் கூச வேண்டியதில்லை. மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்தபின் மீண்டும் உதிரம் கண்டால், சத்துக்குறைவென்று காத்திராமல் உடனே மகளிர் நல மருத்துவரிடம் காட்ட வேண்டும்.