மூன்றாவது மீட்டரும் எரிந்துபோச்சா? முதல்ல இதைப் பாருங்க!

விருதுநகர் மாவட்டம், திருச்சுழி பக்கத்தில் இருக்கிறது வீரசோழன். ஆட்டுச்சந்தைக்குப் பேர்போன ஊர். கண்மாய் நிறைந்தால் வெள்ளாமை, நிறையாத வருஷத்தில் ஆடும் கரிமூட்டமும் என்று வாழ்கிற வானம் பார்த்த பூமி. இங்கே மழை ஏமாற்றும், வெயில் ஏமாற்றாது. அந்த வெயிலை நம்பித்தான் பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்தில், கமுதி அருகே 2016-ல் 648 மெகாவாட் சோலார் மின்நிலையம் வந்தது. அன்றைக்கு உலகின் மிகப்பெரிய சோலார் நிலையங்களில் அதுவும் ஒன்று.

அந்தப் பெரிய கதைக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னக் கதையும் நடக்கிறது. ஊரைவிட்டுத் தள்ளியிருக்கும் தோட்டத்து வீட்டுக்கும் ஆட்டுக்கொட்டகைக்கும் கம்பம் நட்டு லைன் இழுப்பது செலவு பிடித்த காரியம். அதற்குப் பதிலாக நாலு பேனல், இரண்டு பேட்டரி, ஒரு சார்ஜ் கன்ட்ரோலர், ஒரு இன்வெர்ட்டர் போதும். கூடவே பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று செல்போனில் காட்ட ஒரு கண்காணிப்புக் கருவி.

முதலில் போவது பெரும்பாலும் அந்தக் கருவிதான். புதுசு வாங்கி மாட்டினால், சில மாதத்தில் அதுவும் போகும். மூன்றாவதும் போனால், “சைனா அயிட்டம்ணே, அப்படித்தான்” என்று கடையில் சொல்லிவிடுவார்கள். ஆனால், ஒரே கிணற்றில் தண்ணீர் குடித்த மூன்று ஆடு அடுத்தடுத்து சாய்ந்தால், யாரும் ஆட்டைக் குறை சொல்லமாட்டார்கள். கிணற்றைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். இங்கேயும் எட்டிப் பார்க்க வேண்டியது கருவி மாட்டியிருக்கும் இடத்தை!

ஏன் இவ்வளவு கவலை?

“மீட்டர் இல்லாட்டி என்ன, லைட்டுதான் எரியுதே” என்று விட்டுவிடலாம்தான். ஆனால், கருவி இல்லாத நாள்களில் பேட்டரி ராத்திரி ராத்திரி அடிமட்டம் வரை காலியாவது யாருக்கும் தெரியாது. லெட்-ஆசிட் பேட்டரி அடிக்கடி பாதிக்குக் கீழே இறங்கினால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். பேட்டரிதான் இந்த ஏற்பாட்டிலேயே அடிக்கடி மாற்ற வேண்டிய, செலவு கூடிய பொருள்.

பீகார் மாநிலம் தர்னாய் கிராமத்தில் நடந்தது இதற்கு உதாரணம். 2014-ல் 100 கிலோவாட் சோலார் மின்சாரம் அங்கே வந்தபோது நாடே பேசியது. சில வருஷங்களில் பேட்டரிகள் தளர்ந்தன. மாற்ற ஏற்பாடு இல்லை. பேனல்கள் இருந்தும் மின்சாரம் நின்றுபோனது. அதோடு, கருவியை எரிக்கும் அதே கோளாறு நாளைக்கு இன்வெர்ட்டரையும் எரிக்கலாம். சின்னக் கருவி சாவது பெரிய செலவுக்கு முன்னறிவிப்பு.

செத்ததா, உறைந்ததா, ஊமையா?

முதலில் கருவிக்கு என்ன ஆனது என்று பிரித்துப் பாருங்கள். கருவியில் விளக்கே எரியவில்லை, தீய்ந்த வாசனை வருகிறது என்றால் அது செத்துவிட்டது. கூடுதல் வோல்டேஜ் உள்ளே புகுந்திருக்கும். விளக்கு எரிகிறது, கணக்கு மட்டும் ஒரே இடத்தில் நிற்கிறது, அணைத்துப் போட்டால் ஓடுகிறது என்றால் உறைந்திருக்கிறது. வோல்டேஜ் நொடி நேரம் சரிந்ததுதான் இதற்குப் பெரும்பாலும் காரணம். கருவி நன்றாக இருக்கிறது, செல்போனுக்குத் தகவல் மட்டும் வரவில்லை என்றால் அது ஊமை. ரீசார்ஜ் தீர்ந்ததா, சிக்னல் உண்டா என்று பாருங்கள். 2ஜி மட்டும் பிடிக்கும் கருவியில் ஜியோ சிம் போட்டால் வேலை செய்யாது. ஜியோவுக்கு 2ஜி சேவையே கிடையாது.

24 என்பது 24 இல்லை

நிஜமாகவே எரிந்த கருவிகளில் முதல் சந்தேகம் இங்கேதான். ‘24 வோல்ட்’ பேட்டரி செட் என்பது பேருக்குத்தான். வெயில் ஏறி சார்ஜ் ஆகும்போது 28.8 வோல்ட் வரை போகும். சமன்படுத்தும் சார்ஜ் நடக்கும்போது 30-ஐயும் தொடும். கருவிக்கு 5 வோல்ட் கொடுக்க வைக்கும் மலிவான கன்வெர்ட்டர்களில் சில 28 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. மாட்டிய அன்று சாயங்காலம் ஓடும். நல்ல வெயில் நாளில் போய்விடும். கன்வெர்ட்டரின் உச்ச அளவைப் பார்த்து, 24 வோல்ட் செட்டுக்கு 36 அல்லது அதற்கு மேல் தாங்குவதாக வாங்குங்கள். பேட்டரிக்குப் பக்கத்திலேயே சின்ன ஃபியூஸ் ஒன்றும் அவசியம்.

எதை முதலில் கழற்றுவது?

பேட்டரி முனையைச் சுத்தம் செய்ய நட்ட நடு மத்தியானத்தில் பேட்டரி வயரைக் கழற்றுவார்கள். பேனல் மட்டும் இணைப்பில் இருக்கும். அதுவரை பேட்டரி தாங்கிப் பிடித்த வோல்டேஜ் ஒரே தாவாக ஏறும். 72 செல் பேனல் ஒன்றே சுமை இல்லாதபோது 45 வோல்ட் அளவுக்குக் காட்டும். சாதாரண கன்ட்ரோலர்களில் அது நேராகக் கருவி வரை வந்துவிடும். கழற்றும்போது முதலில் பேனல், கடைசியில் பேட்டரி. மாட்டும்போது முதலில் பேட்டரி, கடைசியில் பேனல். இதைச் சுவரில் எழுதியே வைக்கலாம்.

இடியும் காய்ந்த மண்ணும்

கோடை மழையோ ஐப்பசி மழையோ, இடி மின்னலோடு வந்த மறுநாள் கருவி போயிருந்தால் காரணம் தெளிவு. மின்னல் வீட்டின் மேல் விழ வேண்டியதில்லை. பக்கத்தில் விழுந்தாலே நீளமான வயர்களில் வோல்டேஜ் பாயும். பேனலிலிருந்து வரும் பாசிட்டிவ், நெகட்டிவ் வயர்களைத் தனித்தனியாக விரித்து விடாமல் சேர்த்தே கொண்டுவாருங்கள். டிசி பக்கம் ஒரு சர்ஜ் தடுப்பான் வையுங்கள்.

தடுப்பான் வைத்தாலும் எர்த் சரியில்லை என்றால் பயனில்லை. காய்ந்த மண் மின்சாரத்தை எளிதில் உள்வாங்காது. எர்த் குழியில் உப்பும் கரியும் போடுவது பழைய வழக்கம். கரிக்கு இந்தப் பக்கம் பஞ்சமா என்ன? கோடையில் குழிக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற மறக்க வேண்டாம். பேனலுக்கு ஒரு எர்த், வீட்டுக்கு ஒரு எர்த் என்று தனித்தனியாக இருந்தால் இரண்டையும் கனமான கம்பியால் இணைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் இடி நேரத்தில் இரண்டுக்கும் நடுவே உண்டாகும் வோல்டேஜ், மெல்லிய டேட்டா வயர் வழியாகக் கருவிக்குள் ஓடும்.

வெயில், பல்லி, மோட்டார்

இரும்புப் பெட்டியில் அடைத்து மேற்கு வெயில் படும் சுவரில் மாட்டிய கருவி நீடிக்காது. உள்ளே இருக்கும் கெபாசிட்டரின் ஆயுள், சூடு 10 டிகிரி கூடக்கூட ஏறக்குறைய பாதியாகும் என்பது எலெக்ட்ரானிக்ஸ்காரர்களின் கணக்கு. நிழலில் மாட்டி, காற்றுக்கு வலை போட்ட துவாரம் விடுங்கள். வயர் நுழையும் ஓட்டைகளை அடைத்தால் பல்லியும் எறும்பும் வராது.

கருவி அடிக்கடி உறைந்தால், மோட்டார் போடும் நேரத்தைக் கவனியுங்கள். மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு மின்சாரம் இழுக்கும். கருவியும் இன்வெர்ட்டரும் ஒரே வயரைப் பகிர்ந்தால் கருவிக்கு மூச்சு நின்றுவிடும். கருவிக்கு பேட்டரி முனையிலிருந்தே தனி வயர் கொடுத்தால் பல இடங்களில் பிரச்னை தீரும்.

கண்டுபிடிக்க ஒரு நோட்டு போதும்

கருவி போன தேதி, நேரம், வெயிலா மழையா, அப்போது என்ன ஓடியது... இந்த நாலையும் ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். மூன்றாவது முறை காரணம் தானாகப் பிடிபடும். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாமல், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அப்போதுதான் எது குணமாக்கியது என்று தெரியும். டிசி மின்சாரத்தில் கிளம்பும் தீப்பொறி எளிதில் அணையாது. வயரில் கை வைக்கும் வேலையைத் தெரிந்த எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

பிஎம்-குசும் திட்டத்தில் சோலார் பம்ப்செட் வாங்கிய விவசாயிகளுக்கு இன்னொரு வழி உண்டு. அந்தப் பம்ப்செட்டுகளோடு தொலைவிலிருந்து கண்காணிக்கும் கருவியும் வரும். ஐந்து வருஷப் பராமரிப்பு, பொருத்திய நிறுவனத்தின் பொறுப்பு. தமிழ்நாட்டில் திட்டத்தை நடத்துவது வேளாண்மைப் பொறியியல் துறை. புகாரை அங்கே எழுத்தில் கொடுங்கள். கையிலிருந்து செலவு செய்ய வேண்டாம்.

கோளாறு பிடிபடும் வரை பேட்டரியை அம்போ என்று விட வேண்டியதில்லை. சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் கிடைக்கும். தினமும் விடிகாலையில், பேனலில் வெயில் விழும் முன் அளந்து தினசரி காலண்டரிலேயே குறித்துவையுங்கள். 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி ஒன்றுக்கு 12.7 என்றால் நிறைவு, 12.1-க்கு வந்தால் பாதி காலி. அதற்குக் கீழே இறங்கினால் அன்று ராத்திரி டிவிக்கு லீவு!