சேர்ந்து அழியும் வயல்களின் கணக்கு

சிறுபோகத்துக்கு முன் முத்தையன்கட்டுக்குளத்தின் கீழ் கமம் செய்பவர்கள் கூட்டம் கூடுவார்கள். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, அது எத்தனை ஏக்கருக்குக் காணும், ஆருக்கு எவ்வளவு பங்கு என்பதுதான் பேச்சு. இனி மழை பெய்யுமோ தெரியாது; ஆனாலும் முடிவை அன்றைக்கே எடுத்தாக வேண்டும். இப்படித் தெரியாத நாளைக்கு இன்றே கணக்குப் பார்ப்பதைத் தொழிலாகச் செய்பவர்தான் ஆக்சுவரி. காப்புறுதிக்கு எவ்வளவு கட்டுப்பணம் அறவிடுவது, ஓய்வூதிய நிதி எத்தனை வருடம் தாங்கும் என்றெல்லாம் கணித்துச் சொல்பவர்.

உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கும் ஒட்டுசுட்டான் பிள்ளைக்கு இந்தத் தொழிலின் அரிச்சுவடியை வயல் வரம்பிலேயே சொல்லிக்கொடுக்கலாம்.

1000 கமக்காரர், ஆளுக்கு ஓர் ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவரின் வயல் ஐந்து போகத்துக்கு ஒருமுறை அழிகிறது. அழிந்தால் 60,000 ரூபாய் நட்டம். அப்படியானால் ஒரு போகத்தில் சராசரியாக 200 பேர் நட்டப்படுவர். ஆளுக்கு 12,000 ரூபாய் கட்டினால் 1 கோடி 20 இலட்சம் சேரும். இழப்பீட்டுக்குச் சரியாகப் போதும்.

200 என்பது சராசரிதானே, ஒரு போகத்தில் 400 ஆகிவிட்டால்? வயல்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் அழியுமானால் அந்தப் பயம் வேண்டாம். ஈருறுப்புப் பரம்பலின் நியம விலகலைக் கணித்தால் 13க்குச் சற்றுக் குறைவாக வரும். ஆகவே பெரும்பாலான போகங்களில் நட்டப்படுவோர் 175க்கும் 225க்கும் இடையில்தான் நிற்பர். யானை இறங்கி ஒரு வயலை மிதித்தால் பக்கத்து வயல் தப்பும் அல்லவா? அந்த வகை இழப்பு இது.

கார்த்திகை வெள்ளம் அப்படியல்ல. வான் பாய்ந்து வாய்க்கால் உடைத்தால் ஒரு வெளி முழுவதும் சேர்ந்தே மூழ்கும். 1000 வயல்களும் ஒன்றாக அழிந்தால் 6 கோடி ரூபாய் வேண்டும். பெட்டியில் இருப்பதோ 1 கோடி 20 இலட்சம். ஐந்து போகத்துக்கு ஒருமுறை என்ற வீதமும் மாறவில்லை, 12,000 என்ற சராசரியும் மாறவில்லை. நிதி மட்டும் முறிந்துவிட்டது. இலங்கையில் 1958இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கி 1961இல் சட்டமான பயிர்க் காப்புறுதிக்கும், உலகின் எந்தப் பயிர்க் காப்புறுதிக்கும் தலைவலி இதுதான். வெவ்வேறு மழை பெறும் மாவட்டங்களை ஒரே நிதியில் சேர்ப்பதும், நல்ல போகத்து மிச்சத்தை ஒதுக்கி வைப்பதும், காப்புறுதி நிதியே இன்னொரு நிறுவனத்திடம் காப்புறுதி செய்யும் மீள்காப்புறுதி எடுப்பதும் அதற்கான மருந்துகள்.

மற்றைய பாதிக் கணக்கு காலம் பற்றியது. 1987இல் கமக்காரர் ஓய்வூதியத் திட்டம் சட்டமானது. இளவயதில் கட்டும் சிறு தொகை முதுமையில் மாதாமாதம் திரும்பி வரவேண்டும் என்பது ஏற்பாடு. வாங்குவோர் பெருக, கட்டுவோரின் பணம் ஈடுகொடுக்கவில்லை. 2010களின் தொடக்கத்தில் கொடுப்பனவு சில காலம் தடைப்பட்டது. இத்தகைய நிதிக்குக் கூட்டுவட்டியோடு, எந்த வயதில் எத்தனை பேர் உயிரோடிருப்பர் என்று காட்டும் ஆயுள் அட்டவணையும் வேண்டும். 1693இல் எட்மண்ட் ஹலி பிரெஸ்லவ் நகர மரணப் பதிவுகளைக் கொண்டு அப்படியோர் அட்டவணை தயாரித்தார். வால்வெள்ளிக்குப் பெயர் கொடுத்த அதே ஹலிதான். அட்டவணையும் காலாகாலத்துக்கும் நிற்காது. மலேரியா ஒழிப்பு வேகம்பெற்ற நாளில், 1946இல் ஆயிரத்துக்கு 20 ஆக இருந்த இலங்கையின் மரண வீதம் 1947இல் 14க்கு இறங்கியது. பழைய அட்டவணையை நம்பி ஓய்வூதியம் கணித்தவர் கைசுட்டிருப்பார்.

ஆகவே பல்கலைக்கழகத்தில் தேட வேண்டியவை நிகழ்தகவு, புள்ளிவிபரவியல், நிதிக் கணிதம், கொஞ்சம் நிரலாக்கம். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் புள்ளிவிபரவியல் துறை நிதிக் கணிதத்தையும் கற்பிக்கிறது. யாழ்ப்பாணத்தில் கணிதமும் புள்ளிவிபரவியலும் உண்டு. 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவில் பிரயோக கணிதம் உண்டு. பட்டத்தோடு ஆக்சுவரி ஆகிவிட முடியாது. பிரித்தானிய ஆக்சுவரிகளின் நிறுவனம் போன்ற தொழில்சார் நிறுவனமொன்றின் பரீட்சைகளை இங்கிருந்தே ஒவ்வொன்றாக எழுதித் தேற வேண்டும். அதற்குப் பல வருடங்கள் பிடிக்கும்.

அதற்கு முன் ஒரு வேலை. ஊர்ப் பெரியவர்களிடம் போய், எந்தெந்த வருடம் எல்லாருடைய வயலும் போனது, எந்த வருடம் சிலருடையது மட்டும் போனது என்று கேட்டு, கொப்பியில் இரண்டு நிரலாக எழுதுங்கள். முதல் நிரல் நீளமாக இருந்தால், 12,000 ரூபாய் போதாது.