ஒராங்கியின் ஒழுங்கைகள்

ஓரிடத்துக்குக் கெட்ட பெயர் வந்துவிடின், அங்கு வாழ்வோர் அனைவரையும் உலகம் அப்பெயரைக் கொண்டே அளக்கின்றது. கராச்சி மாநகரின் வடமேற்கிலுள்ள ஒராங்கி அத்தகையதோர் இடமாகும். இந்தியாவிலிருந்து பெயர்ந்தோர், 1971ஆம் ஆண்டுப் போரின்பின் கிழக்குப் பாக்கிஸ்தானிலிருந்து வந்தோர், பட்டாணியர், பஞ்சாபியர் எனப் பல திறத்தாரும் அரசின் அனுமதியின்றிக் குடியேறிய நிலம் அது. நகரத்தார் அதனைக் கலகத்தின் உறைவிடமென்றே கருதினர்.

அம்மக்களை வருத்திய பெருந்துன்பம் கழிவுநீராகும். வாளி மலசலகூடங்களின் அழுக்கும் அடுக்களை நீரும் ஒழுங்கைகளிலே தேங்கின. பிள்ளைகள் அவற்றினூடே விளையாடினர். குழாய் பதிப்பது அரசின் கடனென்று கூறி யாவரும் காத்திருந்தனர். 1980ஆம் ஆண்டில் அக்தர் ஹமீத் கான் ஆங்கு வந்தார். இந்திய சிவில் சேவைப் பதவியைத் துறந்து, பின்னர் கோமில்லாவிலே கிராம அபிவிருத்திப் பணியாற்றிப் புகழ்பெற்ற அப்பெரியார், வந்தவுடன் எதனையும் கட்டத் தொடங்கினாரல்லர். ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து மக்களை வினவினார்.

அவர் கண்ட உண்மை எளியது. ஒராங்கி முழுவதும் ஒன்றுபடுதல் அரிது. ஆயின் ஓர் ஒழுங்கையிலுள்ள இருபது முப்பது வீட்டார் ஒருவரையொருவர் முகமறிவர். எனவே ஒழுங்கையே பணிக்கு அலகாயிற்று. வீட்டார் கூடித் தமக்குள் ஒருவரைத் தெரிவர், அவரே பணந்திரட்டுவர். ஒராங்கி முன்னோடித் திட்டம் எனப் பெயர்பெற்ற அவரது நிறுவனம் நில மட்டம் அளந்தும், வரைபடம் வரைந்தும், அச்சுக்களும் கருவிகளும் இரவல் கொடுத்தும் உதவியதேயன்றி மக்களின் பணத்தில் ஒரு சதமேனும் கையாளவில்லை. நம்பிக்கை வளர்ந்ததற்கு இதுவே தலையாய காரணமெனலாம். ஒப்பந்தகாரரை விலக்கியமையால் வீடொன்றுக்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாவே செலவாயிற்று. தொடக்கத்திலே குற்றங்களும் நேர்ந்தன. சீமெந்துக் கலவையைப் போதிய நாள் நனைத்து வைக்காமையால் சில வேலைகள் பழுதாயின. அவற்றைக் கண்டு முறையைத் திருத்திக்கொண்டனர். ஓர் ஒழுங்கை உலர்ந்ததைக் கண்ட அயல் ஒழுங்கையார் தாமே தேடி வந்தனர். காலப்போக்கில் ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் இவ்வாறு பயன்பெற்றன.

இதனால் ஒராங்கி அமைதிப் பூங்காவாயிற்று என எண்ணுதல் தவறு. 1986ஆம் ஆண்டு டிசம்பரில் அதன் கஸ்பா, அலிகார் குடியிருப்புக்களில் இனக்கலவரம் மூண்டு பலர் மாண்டனர். ஒழுங்கைக்குள் விளைந்த ஒற்றுமை அதன் எல்லையைத் தாண்டி எங்கும் பரவியதாகக் கொள்ளவியலாது. ஆயினும் குழாய் வேலை நின்றுவிடவில்லை.

ஒழுங்கைக் குழாய்கள் எங்கே சென்று கலப்பது என்ற வினா எஞ்சியிருந்தது. பெருவாய்க்கால் அமைப்பது மாநகரத்தின் பொறுப்பு. அதனை நிலைநாட்டுவதற்கு அவ்வூர் இளைஞரே அளந்து வரைந்த படங்கள் சான்றாயின. இப்பணியை நெடுங்காலம் நடத்திய கட்டடக் கலைஞர் பர்வீன் ரகுமான், நகரத்தின் நிலங்களையும் களவாக விற்கப்படும் நீரையும் அவ்வாறே ஆவணப்படுத்தலானார். 2013ஆம் ஆண்டு மார்ச் 13ஆந் திகதி, அலுவலகத்திலிருந்து வீடு திரும்பும் வழியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.