பெயர்ப் பட்டியலும் ஒரு மேக்ரோவும்

சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கும் மாமா ஒரு பென்டிரைவ் கொடுத்தார். பட்டாசுத் தொழிலாளர்கள் பெயர்ப் பட்டியல், 40 பக்கம், எல்லாம் பாமினி எழுத்துரு. "யூனிகோடுக்கு மாத்திக் குடுப்பா"ன்னார். கையால் ஆகாத வேலை. வேர்டில் மேக்ரோ எழுதப் பழகினேன்.

பாமினியில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் இருக்கும். ஆகவே மேக்ரோ செய்வது தேடு-மாற்று வேலைதான். ஆனால் முதல் ஓட்டத்தில் முனியம்மாள் மனியம்மாள் ஆகிவிட்டார், வேலம்மாள் வெலம்மாள் ஆகிவிட்டார்! காரணம், சின்ன 'கே' என்றால் ம, பெரிய 'கே' என்றால் மு. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் அப்படித்தான், சின்ன 'என்', பெரிய 'என்'. மேட்ச்கேஸை 'ட்ரூ' என்று வைக்காவிட்டால் வேர்டு இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும்.

அடுத்தது வரிசை. பாமினியில் கொம்பை முதலில் தட்டுவோம். யூனிகோடில் அது எழுத்துக்குப் பின்னால்தான் சேமிக்கப்படும். 'கொ' பாமினியில் மூன்று துண்டு: கொம்பு, க, கால். க-வை முதலில் மாற்றினால் கொம்பு அநாதையாக நிற்கும். அதனால் மூன்று துண்டு முதலில், பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று.

மூலக் கோப்பை நகல் எடுத்துவிட்டு ஓட்டுங்கள். முடிந்ததும் பெயர்களைக் கண்ணால் ஒருமுறை படியுங்கள். ஒரு கொம்பு மாறினாலும் பி.எஃப். பணத்துக்கு அலையப்போவது அந்த முனியம்மாள்தான், நாம் இல்லை.