கொற்கையும் கடலும்

தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலினின்று ஏறத்தாழ 6 கிலோமீட்டர் உள்ளடங்கிக் கிடக்கும் சிற்றூர் கொற்கை. சங்கச் சான்றோர் பாடிய பாண்டியர் முத்துத்துறை இதுவே. கடல் இவ்வூரை விட்டு அகன்றது எங்ஙனம்?

கடல் பின்வாங்கிற்று என்பதினும் நிலம் முன்னேறிற்று என்பதே பொருந்தும். தாமிரபரணி வெள்ளந்தோறும் வண்டலைக் கொணர்ந்து கழிமுகத்திற் படியவிட்டது. துறை தூர்ந்தது, வாணிகம் காயலுக்குப் பெயர்ந்தது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்ட அத்துறையும் பின்னர்த் தூர்ந்தது. இவ்வரலாற்றைக் கால்டுவெல் ஐயர் 1881-இல் வெளியிட்ட தம் திருநெல்வேலிச் சரித்திரத்தில் ஆராய்ந்துள்ளார்.

நிலநூலார் இதனை ஆராயும் முறை யாதெனின், நிலத்தைத் துளைத்து மண்ணடுக்குகளை நோக்குவர். கடற்சிப்பி மிக்க அடுக்கின்மேல் ஆற்று வண்டல் கிடப்பின், கடலிருந்த இடத்தை ஆறு நிரப்பிற்றென அறிவர். சிப்பியிலும் கரியிலும் எஞ்சிய கதிரியக்கக் கார்பனை அளந்து காலங் கணிப்பர். கொற்கை அகழ்விற் கிடைத்த கரித்துண்டொன்று கி.மு. 785 என்னும் காலத்தைக் காட்டிற்று. வானினின்று எடுத்த படங்களிலோ பழைய ஆற்றுத் தடங்களையும் மணல்மேடுகளையும் காண்பர்.

வண்டல் மிகின் துறை தூரும். அணையாலும் மணற்கொள்ளையாலும் வண்டல் குறையின் கரையை அலை அரிக்கும். ஆதலின், இன்றைய துறைமுகத்தின் செழிப்பை நிலையெனக் கருதி யாம் இறுமாத்தல் தகாது. ஆற்றைப் பேணுதலே கரையைப் பேணுதலாம்.