வளர்ப்பு நாய் கடிப்பது ஏன்?

பாலக்காடு மாவட்டத்தில் 2022 மே மாத இறுதியில் கல்லூரி மாணவி ஒருவரை அண்டை வீட்டு வளர்ப்பு நாய் கையில் கடித்தது. அவருக்குத் தடுப்பூசிகள் முறைப்படி போடப்பட்டன. எனினும் ஜூன் 30ஆம் நாள் அவர் வெறிநோயால் இறந்தார். காயம் ஆழமாக இருந்ததைச் சுகாதாரத் துறையினர் அப்போது சுட்டிக்காட்டினர். தெருநாய்களைப் பற்றிய விவாதம் கேரளம் முழுவதும் சூடுபிடித்திருந்த அவ்வாண்டில், கடித்த நாய் ஒரு வீட்டுக்கு உரியது என்ற உண்மை போதிய கவனத்தைப் பெறவில்லை.

தமிழகத்தை ஒட்டிய சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி போன்ற ஊர்களிலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், உடும்பஞ்சோலை, பீர்மேடு வட்டங்களிலும் நாய் பொழுதுபோக்குக்காக வளர்க்கப்படுவதில்லை. தென்னந்தோப்பில் காட்டுப்பன்றியை விரட்டவும், தோட்டப் பகுதிகளில் யானையோ சிறுத்தையோ நெருங்கும்போது குரல் கொடுக்கவும் அது தேவைப்படுகிறது. ஆனால் லயம் எனப்படும் தோட்டத் தொழிலாளர் வீடுகள் ஒரே சுவரைப் பகிர்ந்து வரிசையாக அமைந்தவை. ஒரு வீட்டு வாயிலில் கட்டப்பட்ட நாயைக் கடந்தே பத்து வீட்டுக் குழந்தைகள் பள்ளி வண்டிக்குச் செல்ல வேண்டியிருக்கலாம். இரவில் போற்றப்படும் அதே குணம் பகலில் ஆபத்தாகிறது.

நாயின் சீற்றத்தைப் பலரும் துணிவு என்று எண்ணுகின்றனர். பெரும்பாலும் அது அச்சமே. தபால்காரரை நோக்கி நாய் நாள்தோறும் குரைப்பதை எண்ணிப் பார்க்கலாம். அவர் வருகிறார், நாய் குரைக்கிறது, அவர் கடிதத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பிச் செல்கிறார். அவர் சென்றது பணி முடிந்ததால் என்பது நாய்க்குத் தெரியாது. தான் குரைத்ததால்தான் அந்நியர் ஓடினார் என அது கற்றுக்கொள்கிறது. நாள்தோறும் இப்பாடம் உறுதிப்படுகிறது. ஒரு நாள் அவர் சற்று அதிக நேரம் நின்றுவிட்டால், குரைப்புப் பயன்படாத இடத்தில் பல் பயன்படுத்தப்படுகிறது.

சங்கிலி இந்நிலையை மேலும் மோசமாக்குகிறது. அஞ்சும் விலங்கு முதலில் விலகிச் செல்லவே முயலும். இரண்டு முழச் சங்கிலியில் நாள் முழுவதும் கட்டப்பட்ட நாய்க்கு அவ்வழி அடைபட்டுவிடுகிறது. எதிர்ப்பது ஒன்றே எஞ்சுகிறது. காவலுக்கு ஏற்ற கடுமை வரவேண்டும் என்று குட்டியைத் தனிமையில் அடைத்து வளர்ப்போரும் உண்டு. அவர்கள் வளர்ப்பது காவல் நாயை அன்று, வீட்டாருக்கும் அயலாருக்கும் வேறுபாடு அறியாத ஒரு கலவரமான உயிரை.

குட்டிப் பருவத்தின் முக்கியத்துவத்தை அமெரிக்க ஆய்வாளர்கள் ஸ்காட், புல்லர் ஆகியோர் நீண்டகாலச் சோதனைகளால் விளக்கி 1965இல் நூலாக வெளியிட்டனர். ஏறத்தாழ மூன்றாவது வாரம் முதல் பன்னிரண்டாவது வாரம் வரை குட்டி எவற்றோடு பழகுகிறதோ, அவற்றை அது இயல்பானவையாக ஏற்கிறது. குடை பிடித்தவர், தலையில் சுமை வைத்தவர், மிதிவண்டி, ஓடும் குழந்தை ஆகிய அனைத்தையும் அச்சமின்றி அது காண வேண்டிய காலம் இதுவே. எட்டு வாரங்களுக்கு முன் தாயிடமிருந்து குட்டியைப் பிரிப்பதும் தவறு. உடன்பிறந்த குட்டிகளோடு விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்ற அளவை அது கற்கிறது.

கடிக்குமுன் நாய் பெரும்பாலும் எச்சரிக்கிறது. உடல் விறைத்தல், முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணால் நோக்குதல், உதட்டைச் சுழித்தல், உறுமல் என்பன அதன் மொழி. வாலாட்டும் நாய் கடிக்காது என்ற நம்பிக்கை சரியன்று. விறைப்பாக உயர்த்திய வால் மெல்ல அசைவது கிளர்ச்சியின் அறிகுறி. உறுமிய நாயை அடிப்பது பரவலான பழக்கம். அடிபட்ட நாய் அச்சத்தை விடுவதில்லை. உறுமலை மட்டுமே விடுகிறது. பின்னர் அது முன்னறிவிப்பின்றிக் கடிக்கும். நாயை அடக்கி ஆளாவிட்டால் அது தலைமை கொள்ளும் என்ற கருத்து, கூண்டில் அடைத்த ஓநாய்களை ஷெங்கல் ஆராய்ந்து 1947இல் எழுதியதிலிருந்து பரவியது. காட்டு ஓநாய்க் கூட்டம் பெற்றோரும் பிள்ளைகளுமான குடும்பமே என்று டேவிட் மெக் 1999இல் காட்டிய பின்னும் அக்கருத்து மறையவில்லை.

உணவருகே, குட்டிகளருகே, நோவுள்ள இடத்தைத் தொடும்போது கடிப்பது வேறு வகை. சாதுவான நாய் திடீரெனக் குணம் மாறினால் கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். காதுப் புண்ணோ மூட்டு வலியோ காரணமாகலாம், வெறிநோயும் ஆகலாம். கருத்தடை அலைச்சலையும் ஆண் நாய்களுக்கிடையிலான சண்டையையும் குறைக்கும். அச்சத்தால் வரும் சீற்றத்தை அது தீர்க்கும் என்று எதிர்பார்க்கலாகாது.

சட்டம் இல்லாமல் இல்லை. கேரள ஊராட்சிகளில் நாய் வளர்க்க உரிமம் பெறவேண்டும் என்றும், அதற்குத் தடுப்பூசிச் சான்று வேண்டும் என்றும் 1998ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. விலங்கினைக் கவனக்குறைவாக வைத்திருந்து பிறருக்கு ஆபத்து விளைவிப்போருக்கு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். சில இனங்களைத் தடைசெய்யக் கோரிய மத்திய அரசின் 2024 மார்ச் சுற்றறிக்கையைக் கர்நாடக, தில்லி உயர் நீதிமன்றங்கள் அடுத்த மாதமே ரத்து செய்தன. இனத்தின் பெயரைவிட வளர்ப்பு முறையை நோக்குவதே ஊராட்சிக்கு எளிது. உரிமம் வழங்கும் நாளில் சங்கிலியின் நீளத்தையும் நாய் கட்டப்படும் இடத்தையும் பார்க்க ஒரு பணியாளர் சென்றாலே பாதிப் பூசல்கள் குறையும்.

கடி நேர்ந்துவிட்டால் காயத்தை ஓடும் நீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவுதல் முதல் சிகிச்சை. மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு ஆகியவற்றைத் தடவுதல் கூடாது. வயிற்றைச் சுற்றிப் போடப்பட்ட பழைய ஊசியை எண்ணி இன்றும் அஞ்சுவோர் உளர். நரம்புத் திசுவில் தயாரிக்கப்பட்ட அம்மருந்தின் உற்பத்தி இந்தியாவில் 2004 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. தோலினுள் செலுத்தும் இன்றைய முறையில் 0, 3, 7, 28ஆம் நாள்களில் தோளில் ஊசி போடப்படுகிறது. தோல் கிழிந்து குருதி வந்த காயத்துக்கு இம்யூனோகுளோபுலின் மருந்தும் காயத்தினுள்ளேயே செலுத்தப்பட வேண்டும். தடுப்பூசி போட்ட வீட்டு நாய்தானே என்று சிகிச்சையைத் தள்ளிப்போடலாகாது. கடித்த நாயைச் சினத்தில் அடித்துக் கொன்றுவிடாமல், பாதுகாப்பாகக் கட்டிவைத்து 10 நாள் கவனிக்க வேண்டும். அதற்குள் அது நோயுற்றாலோ இறந்தாலோ உடனே கால்நடை மருத்துவமனைக்கும், கடிபட்டவருக்குச் சிகிச்சை தரும் மருத்துவருக்கும் தெரிவிக்க வேண்டும்.