சாப்பிட்டும் ஏறாத எடை

எடையைக் குறைக்க வழி சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. எடை ஏறாமல் தவிப்பவர்களுக்கோ பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கிறது: நன்றாகச் சாப்பிடு. நேந்திரம்பழம், முட்டை, பேரீச்சை, மருந்துக்கடை டானிக், டப்பாவில் வரும் புரோட்டீன் பவுடர் என்று வரிசையாக எல்லாம் முயன்று பார்க்கிறார்கள். மாதங்கள் ஓடுகின்றன, சட்டை மட்டும் தொளதொளவென்றே இருக்கிறது. சாப்பாடு குறைவாக இருந்தால் இந்த யோசனைகள் பலன் தரும். போதிய அளவு சாப்பிட்டும் எடை ஏறவில்லை, அல்லது காரணம் தெரியாமல் இறங்குகிறது என்றால், அடுத்து எதைச் சாப்பிடலாம் என்று யோசிப்பதற்கு முன் சாப்பிட்டதெல்லாம் எங்கே போகிறது என்று தேடியாக வேண்டும். அந்தத் தேடலைத் தள்ளிப்போடுவதுதான் ஒல்லியாக இருப்பவர்களுக்கு நாம் செய்யும் பெரிய கெடுதல் என்று நினைக்கிறேன்.

ஒல்லியானவர்களையெல்லாம் நோயாளிகளாக்கிவிட வேண்டுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பரம்பரையாகவே ஒடிசலான உடல்வாகு உள்ள குடும்பங்கள் உண்டு. அவர்களுக்குப் பசி சரியாக எடுக்கும், வேலை செய்யத் தெம்பு இருக்கும், பெண்களுக்கு மாதவிடாய் ஒழுங்காக வரும், எடையும் ஆண்டுக்கணக்கில் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். அவர்களை விட்டுவிடலாம். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. கணக்கில் 18.5-க்குக் கீழே போனால் குறைந்த எடை என்கிறார்கள், 165 செ.மீ. உயரமுள்ளவருக்கு அது சுமார் 50 கிலோ. ஆனால் இந்த எண்ணைவிட எடை போகும் திசைதான் அதிகம் சொல்லும். 60 கிலோ இருந்தவர் முயற்சி எதுவும் செய்யாமலே ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் மூன்று கிலோ இழந்தால், அதாவது ஐந்து சதவீதம் குறைந்தால், அவர் பார்க்க ஒல்லியாக இல்லாவிட்டாலும் மருத்துவர் காரணம் தேடத்தான் வேண்டும்.

பசி நன்றாக இருந்தும் உடம்பு இளைப்பது தனியாகக் கவனிக்க வேண்டிய அறிகுறி. தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்தால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் உடல் எரிபொருளைச் செலவழித்துக்கொண்டே இருக்கும். படபடப்பு, அதிக வியர்வை, தூக்கமின்மை, அடிக்கடி மலம் கழித்தல் ஆகியவை சேர்ந்து வரும். நீட்டிய கைகளின் மேல் ஒரு தாளை வைத்தால் அதன் ஓரம் நடுங்குவது கண்ணுக்கே தெரியும். சர்க்கரை நோயில் இளைப்பதற்குக் காரணம் வேறு: இன்சுலின் போதாததால் சர்க்கரை செல்லுக்குள் நுழைய முடியாமல் சிறுநீரில் வெளியேறுகிறது, உடல் தன் கொழுப்பையும் தசையையும் கரைத்து நாளை ஓட்டுகிறது. சர்க்கரை நோய் குண்டானவர்களுக்குத்தான் வரும் என்ற நம்பிக்கையால், ஒல்லியான இளைஞர்களிடம் இது தாமதமாகவே கண்டுபிடிக்கப்படுகிறது. இந்த இடத்தில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைக் குறிப்பிட வேண்டும். ஊட்டச்சத்துக் குறைவோடு தொடர்புள்ள சர்க்கரை நோய் முதல் வகையிலிருந்தும் இரண்டாம் வகையிலிருந்தும் வேறுபட்டது என்பதை அங்குள்ள மருத்துவர்களும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து நடத்திய, 2022-இல் வெளியான ஆய்வு காட்டியது. 2025-இல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு அதை ஐந்தாம் வகை என்று அங்கீகரித்தது. இத்தகையவர்களை முதல் வகை என்று எண்ணி இன்சுலினை அதிகமாகக் கொடுத்தால், சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும்.

இளைத்தவனுக்கு எள்ளு என்பார்கள். எள்ளில் உள்ள எண்ணெய்ச் சத்து குடலில் உறிஞ்சப்பட்டால்தான் அந்தப் பழமொழி பலிக்கும். கணையம் செரிமான நொதிகளைப் போதிய அளவு சுரக்காதபோது கொழுப்பு அப்படியே வெளியேறுகிறது. மலம் வெளிறி, எண்ணெய்ப் பசையோடு மிதக்கும். கடும் நாற்றம் அடிக்கும். தண்ணீர் ஊற்றினாலும் எளிதில் போகாது. மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்பட்டு பலரும் மறைப்பது இதைத்தான், நோயைக் காட்டிக்கொடுப்பதும் இதுவேதான். மது அருந்தாத இளைஞர்களுக்கும் கணையத்தில் கல் உண்டாகும் ஒரு நோய் கேரளத்திலும் தமிழகத்திலும் நெடுநாளாக அறியப்பட்டது. சிறுகுடலின் உட்சுவர் சிதைந்து சத்துகளை உறிஞ்ச முடியாமல் போகும் வெப்பமண்டல ஸ்ப்ரூ நோய், 1960-களில் வேலூரைச் சுற்றிய கிராமங்களில் கொள்ளைநோய்போலப் பரவியதும் மருத்துவ வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. கோதுமையில் உள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் வட இந்தியாவில் அதிகம், இங்கே குறைவு. கொக்கிப்புழு நேரடியாக இரத்தத்தை உறிஞ்சுவதால், இளைப்போடு இரத்தசோகையும் சேர்ந்துகொள்ளும்.

இன்னொரு மறுப்பும் உண்டு, இதைவிடக் கனமானது. ஏழை வீடுகளில் இளைப்புக்குக் காரணம் பசிதானே, அங்கே போய்ப் பரிசோதனை என்று பேசுவது சரியா? பசி காரணம் என்பதை மறுக்கவே முடியாது. ஆனால் பசியும் நோயும் ஒன்றையொன்று வளர்ப்பவை. இதைக் காசநோய் அளவுக்குத் தெளிவாகக் காட்டும் நோய் வேறில்லை. ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ‘ரேஷன்ஸ்’ ஆய்வில் காசநோயாளிகளுக்கும், அவர்களில் ஒரு பகுதியினரின் குடும்பத்தாருக்கும் அரிசி, பருப்பு முதலிய உணவுப் பொருட்கள் மாதந்தோறும் வழங்கப்பட்டன. உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களில் ஐந்து சதவீதம் எடை கூடிய நோயாளிகளிடம் இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. தமிழக அரசு 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்திலும், நோயாளி வந்தவுடன் எடையையும் உயரத்தையும் அளந்து, மிகவும் மெலிந்தவர்களை மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். ஆகவே ஏழைக்கு உணவும் வேண்டும், சளிப் பரிசோதனையும் வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை ஆகியவற்றோடு இளைப்பும் இருப்பவருக்கு அரசு மருத்துவமனையில் அந்தப் பரிசோதனை இலவசம்.

டானிக் குடித்து எடை கூடியதே என்பவர்களும் உண்டு. சைப்ரோஹெப்டடின் போன்ற மருந்துகள் பசியைத் தூண்டுவது உண்மைதான், கூடவே தூக்கக் கலக்கமும் வரும். ‘ஒரே மாதத்தில் பத்து கிலோ’ என்று விற்கப்படும் பொடிகளின் விஷயம் இன்னும் மோசம். ஸ்டீராய்டு கலந்திருந்தால் முகம் உப்பும், உடலில் நீர் தேங்கும், அதைச் சதை பிடித்ததாக நினைத்து வீடே மகிழும். உள்ளே சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், நோய் எதிர்ப்பாற்றல் குறையும். கண்டுபிடிக்கப்படாத காசநோய் இருந்தால் அது வேகமாகப் பரவும். எடைபார்க்கும் இயந்திரத்தில் எண் கூடுவது குணமாவதற்கு அடையாளமாகிவிடாது.

குழந்தைகளிடமும் முதியவர்களிடமும் காரணங்கள் ஒளிந்து வருகின்றன. பால் குடிக்கும்போதே நெற்றி வியர்த்து, மூச்சு வாங்கி, பாதியில் நிறுத்திவிடும் கைக்குழந்தைக்கு இதயத்தில் பிறவிக் கோளாறு இருக்கலாம். தாய்க்குப் பால் போதவில்லை என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். முதியவர்களிடம் பல் வலி, விழுங்குவதில் சிரமம், மனச்சோர்வு, பசியைக் குறைக்கும் மாத்திரைகள், சில சமயம் புற்றுநோய் என்று காரணங்கள் பலவாக இருக்கும்போது, வயதானால் இளைக்கத்தான் செய்யும் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறோம்.

முதல் கட்டத் தேடலுக்குப் பெரிய செலவு ஆகாது. இரத்த எண்ணிக்கை, சர்க்கரை, தைராய்டு, மலம், சிறுநீர், மார்பு எக்ஸ்ரே ஆகியவற்றோடு தொடங்கலாம். எச்.ஐ.வி. பரிசோதனையையும் கூச்சமின்றிக் கேட்டுச் செய்துகொள்ளலாம். போகும்போது கடந்த மாதங்களின் எடைகளைத் தேதியோடு எழுதி எடுத்துச் செல்லுங்கள். பசி எப்படி, மலம் எப்படி, என்னென்ன மாத்திரைகள் என்பதையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பொடி வாங்கிச் சாப்பிட்டிருந்தால் அதன் டப்பாவையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.